சங்கிலியைக் கழற்றியவர் வரட்டும்

தூண் இல்லாமல் வானத்தை நிறுத்தி, கயிறு இல்லாமல் பூமியைத் தொங்கவிட்டு, இரண்டையும் இந்நாள்வரை விழாமல் தாங்குகிற எங்கள் ஆண்டவருக்குத் தோத்திரம். பொய்நாவின் வேர்வரை பார்க்கிறவரே, அநியாயமாய்த் தலைகுனிந்தவனின் வழக்கை அவன் கல்லறைக்குப் போன பின்பும் தள்ளிவிடாதவரே, இந்த முதியவளின் எழுத்தில் பொய் ஒரு துளியும் கலவாமல் காத்தருளும். கோபம் கலந்திருப்பதை நீரே அறிவீர். அதை நீக்கும்படி நான் கேட்கவில்லை.

அன்பு மகனே,

திருப்பதியில் ரேணிகுண்டா போகும் சாலையில் நீ திறக்கவிருக்கும் ஒர்க்‌ஷாப்பின் அழைப்பிதழ் வந்து சேர்ந்தது. ரிப்பன் வெட்டுபவர் எட்வின் மாமா என்று அச்சிட்டிருக்கிறாய். அன்றைக்கே நீ போனில் பேசினாய். “அம்மா, என் ஷெட்ல குடிச்சிக்கினு வர்றவனுக்கு எடமே கெடையாது. நைனா கதை இன்னொருத்தனுக்கு வரக் கூடாது” என்றாய். நான் மறுமொழி சொல்லவில்லை. நீ அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, எனக்கென்று சித்தூரில் விட்டுச்சென்ற உன் பழைய காரைப் பற்றி விசாரித்தாய். கிளப்பும்போது உதறுகிறது என்று சொன்னேன். “மவுண்ட் போயிருக்கும்மா. எட்வின் மாமா ஷெட்ல வுடு, அவரு பாத்துக்குவாரு” என்று சொல்லிப் போனை வைத்தாய். உன் தகப்பன் குடிகாரன் என்பதையும், அவன் கையைக் கெடுத்தவர் நம்பத்தக்கவர் என்பதையும் ஒரே அழைப்பில், ஒரே மூச்சில் சொல்லி முடித்தாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன்னை நம்பவைத்ததை நீ நம்பினாய். என் கோபத்துக்கு வேறு முகவரி இருக்கிறது.

இதை உறைக்குள் இட்டு ஒட்டாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். உன் நைனாவைப் பற்றிய பொய் ஊரறியப் பரவியது. மெய் மட்டும் வீட்டுக்குள் காதோடு காதாகச் சொல்லப்படுவது முறையன்று. தாம் உயிரோடிருக்கும்வரை நான் பேசக்கூடாது என்று அவர் என்னை வாக்கால் கட்டியிருந்தார். அவர் கண்மூடிய நாளில் அந்தக் கட்டு அவிழ்ந்தது. அதன்பின் நான் மௌனமாக இருந்தேன் என்றால், பேசுவதற்கு ஏற்ற இடத்தையும் வேளையையும் தேடிக்கொண்டிருந்தேன் என்றே பொருள். நீ அழைப்பிதழ் அச்சிட்டு இரண்டையும் குறித்துக் கொடுத்துவிட்டாய்.

உன் நைனா ஞானமுத்து, பலமனேர் சாலையிலிருந்த எட்வினின் ஒர்க்‌ஷாப்பில் தலைமை மெக்கானிக். இருவரும் சிறுவயதில் ஒரே ஞாயிறு பள்ளியில் ஒரே பாயில் அமர்ந்தவர்கள். எட்வின் இடத்துக்குச் சொந்தக்காரர். வேலை உன் நைனாவுடையது. சபையில் உன் நைனாவுக்கு ஓர் ஊழியம் இருந்தது. திருவிருந்து நாளில் போதகருக்கு அருகில் நின்று கிண்ணத்தை ஏந்திக்கொடுப்பார். கிரீஸ் கறை போகும்வரை சனிக்கிழமை மாலை சீயக்காய் போட்டுக் கையைத் தேய்ப்பார். அந்தக் கையைத்தான் எட்வின் கெடுத்தார்.

நடந்ததை உன் நைனா எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். பங்காருபாளையத்து மாம்பழ மண்டிக்காரர் ஒருவரின் ஜீப் அது. இன்ஜினை வண்டிச் சட்டத்தின்மேல் உட்காரவைத்து அதன் உதறலை வாங்கிக்கொள்ளும் ரப்பர்த் தாங்கிகளைத்தானே நீங்கள் மவுண்ட் என்கிறீர்கள், அவை இருபுறமும் கிழிந்து போயிருந்தன. உன் நைனா மேலே இரும்பு உத்தரத்திலிருந்து சங்கிலி இறக்கி இன்ஜினைக் கொக்கியில் மாட்டினார். கீழே ஜாக்கை வைத்து, ஜாக்குக்கும் இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கும் நடுவே அகலமான புளியங்கட்டையைக் கொடுத்தார். சங்கிலி இருந்த தைரியத்தில் இருபுறத்து மவுண்டையும் கழற்றினார். அந்த நேரத்தில் பாகாலாவிலிருந்து வந்த கல்யாண வேன் ஒன்று வாசலில் நின்றுபோயிற்று. ஒர்க்‌ஷாப்பில் சங்கிலி ஒன்று, நல்ல கட்டையும் ஒன்று. எட்வின் இரண்டையும் கேட்டார்.

“எட்வினு, ரெண்டு பக்கமும் கழட்டிக்கீறேன்டா. செயின எடுத்தா வெறும் ஜாக்கு மேல நிக்கும்.”

“நிக்கட்டும்பா. கண்ணாலப் பொண்ணு ரோட்ல நிக்கிறா, உன் இன்ஜினு எங்க ஓடிடப் போவுது? ஜாக்க நா புடிச்சிக்கினு இருக்கேன். நீ போல்ட்ட போடு.”

சங்கிலியையும் கட்டையையும் எட்வினே கழற்றி வேனுக்குக் கொடுத்தனுப்பினார். நண்பன் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று நம்பி உன் நைனா கையை உள்ளே விட்டார். போல்ட் துளை நேருக்கு நேர் வரவில்லை; இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, வாசலில் பெண் வீட்டார் கூப்பிட்டார்கள். எட்வின் ஜாக்கை விட்டுவிட்டு எழுந்து போனார். எண்ணெய் படிந்த தொட்டியின் அடியில் ஜாக்கின் வெற்றிரும்பு வழுக்கியது. இன்ஜினின் முன்பாரம் முழுவதும் சட்டத்தின்மேல் இறங்கிற்று. இடையில் இருந்தது உன் நைனாவின் வலது கை. ஓடிவந்த எட்வின் தம் மேசை இழுப்பறையிலிருந்த பிராந்தியை எடுத்துக் காயத்தின்மேல் ஊற்றினார். சட்டையெல்லாம் பிராந்தி நாற்றத்தோடுதான் உன் நைனா ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த நாற்றத்தை எட்வின் அங்கேயே பயன்படுத்திக்கொண்டார். “குடிச்சிக்கினு வேல செஞ்சான், நா என்னா பண்றது?” என்று முதலில் ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னார், பின்பு சந்தையில் சொன்னார், கடைசியாக சபை மூப்பர்களின் முன் சொன்னார். தாமே ஊற்றியதைத் தாமே சாட்சியாக்கினார்.

இனி நான் சொல்லப்போவது நம்மைப் போன்ற பக்திக் குடும்பங்களில் மட்டுமே நிகழக்கூடிய பிழை. மூப்பர்கள் கூடி உன் நைனாவை அழைத்து விசாரித்தார்கள். “ஞானமுத்து, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நாங்க நம்புவோம்” என்று போதகர் மன்றாடினார். உன் நைனா வாய் திறக்கவில்லை. பொய்ச் சாட்சிகளின் முன் நம் ஆண்டவர் மௌனமாய் நின்றார், ஊழியக்காரன் தலைவனுக்கு மேற்பட்டவனா என்பது அவர் எண்ணம். ஆண்டவரின் மௌனத்துக்கு மூன்றாம் நாள் ஓர் எழுச்சி இருந்தது. இந்த மனிதரின் மௌனத்துக்கு என்ன இருந்தது? மௌனத்தைக் குற்ற ஒப்புதல் என்று எழுதிக்கொண்டு, கிண்ணம் ஏந்தும் ஊழியத்திலிருந்து அவரை விலக்கினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கடைசி வரிசையில் போய் அமர்ந்தார்; அதன்பின் அந்த இடத்தைவிட்டு எழவே இல்லை. நான் பக்கத்தில் அமர்ந்து சங்கீதம் பாடினேன். வாய் பாடிற்று, உள்ளம் வேறொன்றை யாத்துக்கொண்டிருந்தது. பள்ளியில் பிள்ளைகளுக்கு யாப்பு கற்பித்தவள் அல்லவா, சாபத்தைக்கூடத் தளை தட்டாமல்தான் செய்ய வந்தது:

தாங்கும்கை தன்னை மறந்தார்க்குத் தாழ்வுறுநாள்
தாங்கவோர் கையில்லை காண்.

இதை யாருக்கும் சொன்னதில்லை. ஜெபத்தின் முடிவில், ஆமென் சொல்வதற்குச் சற்று முன்னால், மனத்துக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்வேன்.

உனக்குப் பள்ளியில் “குடிகாரன் மவன்” என்ற பட்டம் கிடைத்தது. ஒரு நாள் புத்தகப் பையை வீசிவிட்டு, “நைனா கூட நா கோயிலுக்கு வர மாட்டேன்” என்றாய். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். “வுடு, கொழந்த முன்னாடி ஒக்காரட்டும், பாட்டு நல்லா கேக்கும்” என்று மட்டும் சொன்னார். உன்னை முன்வரிசையில் தம் அருகே அமர்த்திக்கொண்டவர் யார் என்று நினைவிருக்கிறதா? எட்வின் மாமாதான். மிட்டாய் கொடுத்தார். ஒருவருடைய கையை எடுத்தார், பேரை எடுத்தார், பிறகு பிள்ளையையும் எடுத்துக்கொண்டார். கைக்கும் பேருக்கும்கூட நான் ஒருவேளை ஆண்டவரின் நியாயத்தீர்ப்பு நாள்வரை காத்திருந்திருப்பேன். பிள்ளைக்குக் காத்திருக்க மாட்டேன்.

அவரை வேலைக்கு எடுப்பார் இல்லை. வீட்டு வாசலில், தெரிந்தவர்களின் வண்டிகளை இடக்கையால் பழுது பார்த்தார். அவருடைய வலக்கை நான். பள்ளியிலிருந்து வந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்பானர் பிடித்தேன். நீ அதைப் பார்த்து வெட்கப்பட்டாய். அங்கே கற்றதை இன்று உனக்கு எழுதுகிறேன், ஏனெனில் உன் ஒர்க்‌ஷாப்பில் நாளை பல கைகள் இன்ஜினுக்கு அடியில் போகும். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். கை பிரேக் போட்டிருந்தாலும் சக்கரங்களுக்குக் கட்டை கொடு. வண்டியைத் தூக்கினால் அதன் பாரத்தை ஸ்டாண்டின்மேல் இறக்கு. ஜாக் என்பது தூக்குவதற்கு, தூக்கிவைத்துக்கொண்டிருப்பதற்கு அன்று. பேட்டரி வயரைக் கழற்று. இன்ஜினுக்குக் கீழே ஜாக் வைப்பதானால் நடுவில் அகலமான கட்டை வேண்டும், பாரம் ஒரு புள்ளியில் குத்தாமல் பரவட்டும். மாம்பழப் பெட்டிப் பலகை ஆகாது, பிளந்துவிடும், புளியங்கட்டை பிளக்காது. தொட்டி மெல்லியதாக இருந்தால் கீழே முட்டுக் கொடுக்கவே கொடுக்காதே; மேலே குறுக்குக் கம்பி போட்டு, இன்ஜினைத் தூக்குவதற்கென்றே அதில் வார்த்திருக்கும் வளையங்களில் கொக்கி மாட்டித் தாங்கு. கீழே தாங்கினாலும் மேலே இரண்டாவது பிடி ஒன்று இருந்தே ஆக வேண்டும். எண்ணெய் அழுத்தத்தில் நிற்கும் ஜாக் யாரும் தொடாமலே மெல்ல இறங்கும்.

தூக்குவதிலும் அளவு உண்டு. மவுண்டின்மேல் பாரம் இல்லை என்னும் அளவுக்கு மட்டும் ஏற்று. தளர்த்திய போல்ட் விரலால் திருகினாலே கழன்று வந்தால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் ரப்பர்க் குழாய்கள் இழுபடும், விசிறி அதன் கூட்டில் உரசும், புகைக்குழாய் முறுக்கிக்கொள்ளும். ஒரு பக்கத்து மவுண்டை மாற்றிப் பொருத்திய பிறகே மறுபக்கத்தைத் தொடு. சங்கிலி இருக்கிறதென்று இருபுறமும் கழற்றாதே. அந்தச் சங்கிலியை எடுக்க ஒருவர் வருவார். துளை நேராக வந்ததா என்று விரலை விட்டுப் பார்க்காதே. நுனி கூரான கம்பியை விடு. கம்பி போனால் வேறு கம்பி வாங்கலாம். எல்லாப் போல்ட்டுகளையும் கையால் ஏற்றி, இன்ஜினைத் தன் பாரத்தில் அமரவிட்டு, அதன் பிறகே இறுக்கு. வேலை நடுவில் கட்டையையோ சங்கிலியையோ யார் கேட்டாலும், கல்யாணப் பெண் கேட்டாலும், போதகர் கேட்டாலும், கொடுக்காதே. “நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்” என்று சொல்லும் மனிதனை முட்டாகக் கணக்கில் கொள்ளாதே, அவன் உன் உடன்பிறந்தவனாயினும்.

இப்போது நீ சொன்னபடி நான் செய்ததைக் கேள். உன் காரை எட்வினின் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அத்தனை ஆண்டுகளில் அந்த வாசலை நான் மிதித்தது அதுவே முதல்முறை. இப்போது அங்கே வேலையைப் பார்ப்பவர் பாஷா என்னும் நடுத்தர வயதுக்காரர். நன்றாகவே செய்தார், மேலே குறுக்குக் கம்பி, கீழே கட்டை வைத்த ஜாக், ஒரு பக்கத்து மவுண்ட் மட்டும் கழன்றிருந்தது. எட்வின் நாற்காலியில் அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, “வா டீச்சரம்மா, வா! நம்ப ஊட்டு வண்டி, டென்சன் ஆவாத. புள்ள ஷெட்டு தொறக்கறான், ரிப்பன் நாந்தான் வெட்றேன்” என்று இரண்டு கைகளையும் விரித்தார். இரண்டும் முழுமையாக இருந்தன.

“பாஷா, அந்த மேல் கொக்கியைக் கழற்றிடுப்பா. கீழே இருக்கிற கட்டையையும் உருவிடு” என்றேன்.

பாஷா சிரித்தார். “அம்மா, டீச்சரா இருந்து இன்னாம்மா இப்டி சொல்றீங்கோ? வேணாம்மா, வத்து வத்து. வழுக்கிடுச்சின்னா கையி சட்னி ஆயிப்பூடும்.”

“உன் கையை வைக்க வேண்டாம். உங்க முதலாளி கை வைக்கட்டும். ஜாக்கை நான் பிடிச்சுக்கிறேன்.”

“மொதலாளி கையா? அவரு டீ கிளாஸ் புடிச்சாலே நடுங்குதும்மா!” என்றார் பாஷா. பின்பு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

நான் காரின் அருகே தரையில் அமர்ந்து ஜாக்கின் பிடியைப் பற்றிக்கொண்டேன். “வா எட்வின். நான் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். நீ போல்ட்டைப் போடு” என்றேன். அவர் சொன்ன அதே சொற்கள். எட்வின் ஓரடி பின்வாங்கினார்.

“இன்னா டீச்சர் வெளையாட்டு இது? கட்ட இல்லாம, செயின் இல்லாம, எவனாவது உள்ள கை வெப்பானா? பைத்தியக்காரன்கூட வெக்க மாட்டான்.”

“ஒருத்தர் வெச்சார். பைத்தியக்காரர் இல்லை. குடிச்சவரும் இல்லை. நீ பிடிச்சிருக்கேன்னு சொன்னதை நம்பினவர்.”

ஒர்க்‌ஷாப்பில் இருந்த எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். பாஷா துணியில் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: “மொதலாளி, ஞானமுத்து அண்ணன் குடிச்சிக்கினு வேல செஞ்சாருன்னு நீங்கோ எங்களுக்கு சொல்லியிருக்கீங்கோ. அப்போ அன்னிக்கு ஜாக்க புடிச்சிக்கினு இருந்தது எவரு?”

எட்வின் நாற்காலியைத் தேடி அமர்ந்தார். “நாந்தான்” என்றார். “பொண்ணு ஊட்டுக்காரங்க கூப்ட்டாங்க. ஒரு நிமிசம்தான் போனேன். செயின கழட்னதும் நாந்தான்.”

“பிராந்தி?” என்றேன்.

“என் பாட்டிலு. அவன் வாயில ஒரு சொட்டு போவல.”

மகனே, அந்தச் சொற்கள் என் காதில் விழுந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. பசி தீர்ந்ததுபோல இருந்தது. எட்வின்தான் அழுதார். “அக்கா, நா சாவறதுக்கு முந்தி என்ன மன்னிச்சிடு” என்று கையைக் கூப்பினார். “மன்னிக்கிற வேலையை எல்லாம் அவரே செஞ்சு முடிச்சுட்டுப் போயிட்டார். எனக்கு அதிலே மிச்சம் வைக்கலை” என்றேன். பழிவாங்கும் உரிமை ஆண்டவருடையது என்று நான் படித்திருக்கிறேன். பலருக்குப் படித்தும் காட்டியிருக்கிறேன். நான் அவருடைய உரிமையில் கை வைக்கவில்லை. ஒருவன் பொய்யை எங்கே விதைத்தானோ, அந்தக் களத்திலேயே அவன் கையால் அதைப் பிடுங்கவைக்கிறேன். இதற்குப் பழி என்று பெயரிடுகிறவர்கள் இட்டுக்கொள்ளட்டும்.

நான் வைத்த நிபந்தனை இதுவே. திருப்பதியில் உன் திறப்பு விழாவுக்கு நம் சபையார் வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அன்று விசாரித்த மூப்பர்களில் உயிரோடிருப்பவர்களும் வருகிறார்கள். அவர்கள் முன்னிலையில், ரிப்பனைத் தொடும் முன்பு, எட்வின் இந்த மூன்றையும் தம் வாயால் சொல்ல வேண்டும்: சங்கிலியைக் கழற்றியவர் யார், ஜாக்கை விட்டுப் போனவர் யார், பிராந்தி யாருடையது. “எம் பேரப் புள்ளைங்க வருவாங்க டீச்சர்” என்றார். “வரட்டும். நீ பொய் சொன்ன அன்னிக்கு என் பிள்ளையும் சின்னப் பிள்ளைதான்” என்றேன். தலையசைத்தார். வராமல் போனாலும், வந்து வாய் அடைத்து நின்றாலும், நான் எழுந்து சொல்வேன், பாஷாவும் வருகிறார். எனக்குப் பல் சில போயிருக்கின்றன, குரல் போகவில்லை.

ஆகவே அழைப்பிதழை மாற்றாதே. முன்வரிசையில் அவருக்கு நாற்காலி போடு. அவர் பேசத் தொடங்கும்போது குரல் நடுங்கும், கண் கலங்கும். உனக்கு இரக்கம் வரும், போதும் மாமா என்று எழுந்து அணைக்கத் தோன்றும். அந்த இரக்கம் உன் நைனாவிடமிருந்து உனக்கு வந்த இரத்தம். அதை அன்று ஒரு நாள் அடக்கிவை. அவர் சொல்லி முடிக்கட்டும். முடித்த பின்பு வலது கையால் ரிப்பனை வெட்டட்டும், எல்லாரும் அந்தக் கையைப் பார்க்கட்டும். பந்தியில் இலை போட்டு வயிறார உணவு கொடு. பசியோடு ஒருவனை அனுப்புவது நம் வழக்கம் அன்று. நாளை அவருடைய வண்டியே உன்னிடம் மவுண்ட் மாற்ற வந்தாலும் சங்கிலியும் கட்டையும் குறையாமல் வைத்துச் செய். ஆனால் மாமா என்று இனி அழைக்காதே.

எல்லாம் முடிந்து சபையார் வேனில் ஏறிய பிறகு, வேறு யாரும் இல்லாதபோது, உன் நைனாவைப் பற்றி நீ நம்பியிருந்ததை உன் மனைவியிடம் ஒரு முறை உரக்கத் திருத்திச் சொல். அவள் வயிற்றில் வளரும் பிள்ளை பிறந்து வந்து கேட்கும் முதல் தாத்தா கதை பொய்யாக இருக்கக் கூடாது. அதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.

ஆண்டவர் உன் வாசலைக் காப்பாராக. உன் கூரையின் கீழ் வேலை செய்யும் ஒவ்வொரு கையும் காலையில் வந்தபடியே மாலையில் முழுமையாய் வீடு திரும்புவதாக. உன் மனைவி சுகமாய்ப் பெற்றெடுத்து, உன் பிள்ளை தகப்பனின் பக்கத்தில் வெட்கமின்றி அமர்வதாக. இதைப் படிக்கிற உங்கள் வீடுகளிலும், செய்யாத குற்றத்துக்காகக் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் எவரேனும் இருந்தால், அவரைக் கைபிடித்து முன்னே அழைத்துவரும் பிள்ளைகளை ஆண்டவர் உங்களுக்குத் தந்தருள்வாராக.

உன் அம்மா,
சித்தூர்